நானூற்று நாற்பத்தைந்தாம் வாசல் மகாத்மியம்

ஒரு கணினிக்கு 65,535 வாசல்கள் உண்டு. போர்ட் என்பது அவற்றுக்குத் தொழில்காரர்கள் இட்ட பெயர். 80, 443 போன்ற வாசல்கள் எளிய பிறவிகள். எவர் வந்து தட்டினாலும் திறந்து, கேட்டதைக் கொடுத்து, வழியனுப்பியும் வைத்துவிடும். தட்டினால் திறந்துவிடுகிற கதவுக்குக் கீர்த்தி எங்கிருந்து வரும்? கீர்த்தி என்றால் என்னவென்று அறிய விரும்புவோர் நானூற்று நாற்பத்தைந்தாம் வாசலுக்கு வர வேண்டும். விண்டோஸ் கோப்புப் பகிர்வின் ராஜவாசல் அது. அதற்குள்ளே எஸ்எம்பி என்னும் திருநாமம் கொண்ட நெறிமுறைச் சக்கரவர்த்தி கொலுவிருக்கிறார். ஒரு கணினியில் உள்ள ஃபோல்டரை இன்னொரு கணினி திறந்து பார்ப்பது அன்னாரின் அனுக்கிரகத்தால்தான். அலுவலகத்துக்குள் அமர்ந்திருப்போருக்குக் காட்சி தருவதோடு நின்றிருந்தால் அவரும் பத்தோடு பதினொன்றாகப் போயிருப்பார். வீட்டிலிருந்து விபிஎன் என்னும் சுரங்கவழியே வந்து காத்துக்கிடக்கும் அடியார்களுக்கு அவர் காட்டும் பாராமுகம் இருக்கிறதே, அதுதான் அவரைப் பாடுபொருள் ஆக்குகிறது.

சக்கரவர்த்தியின் பூர்வீகம் மாசற்றது. 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்ற பொறியாளரின் கையால் ஜனித்தவர். அதே ஆண்டில் சைடெக் என்ற நிறுவனம் ஐபிஎம்முக்காகச் செய்துகொடுத்த நெட்பயாஸ், அவரைத் தோளில் போட்டு வளர்த்தது. அந்த நாளில் ஒரு நெட்வொர்க் என்றால் அதிகபட்சம் 80 கணினிகள். எல்லாம் ஒரே கட்டடம். எல்லாம் தெரிந்த முகங்கள். திருடர் என்ற சொல்லே அகராதியில் இல்லாத பொற்காலம். அந்தச் சின்னஞ்சிறு சமஸ்தானத்தில் கற்ற பழக்கங்களை, பூமண்டலம் முழுவதும் தம் குடைக்கீழ் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் கைவிடாமல் காத்தார் என்பதே அவருடைய முதற்பெருமை. காலத்துக்கேற்ப மாறிக்கொள்வது சாமானியர் செய்யும் சமரசம். காலம் தமக்கேற்ப மாறட்டும் என்று காத்திருப்பதே ராஜகம்பீரம்.

யாரையாவது தேட வேண்டுமானால், முகவரி தெரிந்த பெரியவரிடம் போய்க் கேட்பது அன்றைய அரண்மனை வழக்கம் அல்ல. 137-ஆம் வாசலில் நின்றுகொண்டு, "இன்னார் இங்கே இருக்கிறாரா?" என்று நெட்வொர்க் முழுவதும் அதிரக் கூவுவார். பிராட்காஸ்ட் என்று அதைச் சொல்வார்கள். கூப்பிடப்படும் பெயர் 15 எழுத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும்; அதற்குமேல் பெயர் வைத்துக்கொள்வது ஆணவம். அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. தாண்டாத கூவலுக்கு மறுகரையிலிருந்து பதில் வராது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை. அருகில் இருப்போர் இன்னின்னார் என்ற பட்டியலைப் பராமரிக்க, கணினிகள் தமக்குள் தேர்தல் நடத்தி மாஸ்டர் பிரவுசர் என்ற பதவிக்கு ஒருவரை அமர்த்தின. திடீரென்று அணைந்துபோன ஒரு கணினியின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து நீங்க 51 நிமிடம் வரை ஆகும். மறைந்தவர்களை வாக்காளர் பட்டியலில் வைத்துப் போற்றுவது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய பண்பாடு என்று இறுமாந்திருந்தோம். சக்கரவர்த்தி நமக்கு முன்னோடியாக இருந்திருக்கிறார்.

தம் தெருவைத் தாண்டத் தடுமாறிய இந்த மகானுக்கு, 1996-இல் மைக்ரோசாஃப்ட் 'பொது இணையக் கோப்பு முறைமை' என்ற பொருளில் பட்டம் சூட்டி மகிழ்ந்தது. பட்டங்கள் தகுதிக்குத்தான் தரப்பட வேண்டும் என்று எந்த சாஸ்திரம் சொல்கிறது? பிறகு விண்டோஸ் 2000 வெளியானபோது, நெட்பயாஸின் பழைய வாசல்களான 137, 138, 139 மூன்றையும் துறந்து 445-இல் நேரடியாக எழுந்தருளினார். துறந்தார் என்றேனே தவிர, அடைத்தார் என்று சொல்லவில்லை. 445-ஐயும் 139-ஐயும் ஒரே வேளையில் தட்டச் செய்து, முதலில் குரல் கொடுத்ததை ஏற்றுக்கொள்வார். இரண்டும் வாய் திறக்காவிட்டால், வெப்டாவ் என்ற தூதர் 80-ஆம் வாசலுக்கும் போய் நின்று பார்த்துவிட்டு வருவார். இத்தனை வாசல்களிலும் சடங்கு முடியும்வரை அடியாரின் திரையில் பச்சைக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பொறுமை என்னும் நற்குணத்தை இத்தனை மலிவாக, இத்தனை பேருக்கு, இத்தனை ஆண்டுகளாகப் போதித்த ஞானாசிரியர் இன்னொருவர் இல்லை.

இப்போது விபிஎன் பெருமாட்டியையும் வணங்கிக்கொள்வோம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, பொது இணையத்துக்குள் பூட்டுப் போட்டு அமைத்த சுரங்கம் அது. "இதைக் கிளிக் செய்தால் போதும், அலுவலகத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருக்கும்" என்று நிறுவுபவர் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். கோப்பு மட்டும் வராது.

மாதத்தின் 20-ஆம் தேதி, இரவு ஏழரை மணி. ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் கணக்காளர் அம்மாள் வீட்டு மேசையில் அமர்ந்து விபிஎன்னை இணைக்கிறார். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு வட்டி தனி. 'இணைக்கப்பட்டது' என்று பச்சை எழுத்து வருகிறது. அலுவலக சர்வரின் ஃபோல்டருக்கு இட்ட பெயரான இசட் டிரைவைத் திறக்கிறார். அப்போதுதான் சக்கரவர்த்தி தம் திருவாய் மலர்ந்து அந்தப் புகழ்பெற்ற அருள்வாக்கை வழங்குகிறார்: நெட்வொர்க் பாதை காணப்படவில்லை, பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்க்கவும், இல்லையென்றால் உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு இருக்கலாம்.

நின்று நிதானித்து இந்த வாக்கியத்தின் அழகைப் பருக வேண்டும். இசட் டிரைவில் எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை, இருப்பது ஓரெழுத்து. ஆனாலும் பிழை உன்னுடையதாக இருக்கக்கூடும் என்று முதலில் சொல்லிவைக்கும் அந்த முன்யோசனையைக் கவனியுங்கள். அது இல்லையென்றால் கோளாறு 'இருக்கலாம்'. இருக்கிறது என்று அடித்துச் சொன்னால் அடியார் மனம் நோகும். இல்லை என்று சொன்னால் பொய்யாகும். இருக்கலாம் என்பதில் என்ன குறை? இந்த அருள்வாக்குக்கு இரண்டு அவதாரங்கள் உண்டு. 0x80070035 என்ற விசுவரூபத்தில் சில சமயம் தோன்றும். 53 என்ற வாமன வடிவில் சில சமயம் தோன்றும். பதினாறு அடிமானக் கணக்கில் 35 என்பதும் நம் கணக்கில் 53 என்பதும் ஒரே எண்தான். வடிவம் எதுவானாலும் அருளும் செய்தி ஒன்றே: சொல்வதற்கில்லை.

இந்த ஒற்றை வாக்கியம் தாங்கிநிற்கும் பொருட்செறிவுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. சர்வர் அணைந்திருந்தாலும் இதே வாக்கியம். சர்வர் சுகமாக இருந்து பெயரை ஐபி முகவரியாக்கும் டிஎன்எஸ் தடுமாறினாலும் இதே வாக்கியம். அலுவலக ஃபயர்வால் தடுத்தாலும், வீட்டு ஃபயர்வால் தடுத்தாலும், வைரஸ் ஒழிப்பு மென்பொருள் தானாக ஒரு ஃபயர்வாலைக் கொண்டுவந்து நட்டுவைத்து அது தடுத்தாலும், விபிஎன் சர்வரில் 445-க்கு அனுமதி எழுத எவரோ மறந்திருந்தாலும், போகும் பாதை இருந்து திரும்பும் பாதை இல்லாவிட்டாலும் இதே வாக்கியம். நோய் எதுவானாலும் ஒரே சூரணம் தருகிற வைத்தியரை நாம் பார்த்திருக்கிறோம். நோய் எதுவானாலும் ஒரே நோயின் பெயரைச் சொல்கிற வைத்தியரை இங்கேதான் தரிசிக்கிறோம்.

ஃபயர்வால் என்னும் வாயிற்காவலரின் நாகரிகத்தைத் தனியே பாராட்ட வேண்டும். வருகிற இணைப்புக் கோரிக்கையை மறுக்க இரண்டு வழிகள் உண்டு. 'உனக்கு அனுமதியில்லை, திரும்பிப் போ' என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவது ஒன்று. நொடிப்பொழுதில் விஷயம் தெரிந்துவிடும் என்பதால் அது முரட்டுத்தனம். வந்த பொட்டலத்தை வாங்கிச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு, வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று கேட்காமல், எதுவுமே நடக்காதது போல நிற்பது மற்றொன்று. டிராப் என்று இதற்குப் பெயர். கேட்டவர் மூன்று விநாடி காத்து மறுபடி கேட்பார், பதில் இல்லை. ஆறு விநாடி காத்துக் கேட்பார், பதில் இல்லை. பன்னிரண்டு விநாடி காத்து, இருபத்தொரு விநாடியில் ஓய்வார். பழைய விண்டோஸில் இதுவே முறை. இத்தனை மறுப்புகளையும் எழுதிவைக்க விண்டோஸ் ஃபயர்வாலிடம் ஒரு லாக் ஏடு இருக்கிறது. தடுத்த பொட்டலங்களை அதில் எழுதும் வசதி ஆரம்பத்திலேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தர்மம் செய்வதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்பார்கள். மறுப்பதையும் சொல்லிக்காட்டாத பேரடக்கத்தை என்னவென்று புகழ்வது!

கணக்காளர் அம்மாள் சிஸ்டம் அட்மினைத் தொலைபேசியில் அழைக்கிறார்.

"சார், விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சு. இசட் டிரைவ் மட்டும் வரலை."

"பிங் போகுதா மேடம்?"

"போகுது சார், நாலுக்கு நாலும் வருது."

"அப்போ நெட்வொர்க் நல்லா இருக்கு. உங்க ரவுட்டர ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

எவ்வளவு தேர்ந்த பதில்! பிங் என்பது ஐசிஎம்பி என்ற வேறொரு சாதி. அதற்குப் போர்ட் எண்ணே கிடையாது. அது போய்வந்தது என்றால் பிங் போய்வந்தது என்றுதான் பொருள். 445 திறந்திருப்பதற்கு அது சாட்சியாகாது. இருந்தாலும் என்ன? நான்கு பதில்கள் வந்தபின் சந்தேகப்படுவது நன்றிகெட்டதனம். அம்மாள் ரவுட்டரை அணைத்து ஏற்றுகிறார். இணையச் சேவை நிறுவனத்தை அழைத்தால், "எங்க சைடு எல்லாம் கிளியர் மேடம்" என்கிறார்கள். விபிஎன் விற்றவரிடம் கேட்டால், சுரங்கம் ஏறியிருக்கிறது, இனி சர்வர்காரரைக் கேளுங்கள் என்கிறார். சர்வர்காரரைக் கேட்டால், அலுவலகத்துக்குள் எல்லோருக்கும் திறக்கிறது, ஆகவே சர்வரில் குறையில்லை என்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் குற்றமற்றவர்கள். குற்றமற்ற நான்கு பேர் சேர்ந்து ஒரு காரியத்தை இத்தனை முழுமையாக நடக்கவிடாமல் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட உன்னதமான சான்று அரசாங்கத்தில்கூடக் கிடைக்காது.

இனி ஃபயர்வாலின் பந்துபாசத்தைப் பார்ப்போம். கோப்புப் பகிர்வுக்கு விண்டோஸ் தானே எழுதிவைத்திருக்கும் அனுமதி விதி, டொமைன் அல்லாத நெட்வொர்க்குகளில் 'லோக்கல் சப்நெட்' என்ற ஒரு சொல்லோடு முடிகிறது. அதாவது, ஒரே ஐபி வரிசையில் பிறந்த பங்காளிகளுக்கு மட்டும் 445 திறக்கும். அலுவலகம் 192.168.10 வரிசையில் இருக்க, ஓபன்விபிஎன் வழியாக வருபவருக்கு வழக்கமாகக் கிடைப்பது 10.8.0 வரிசை. கடவுச்சொல் சரி, சான்றிதழ் சரி, சுரங்கம் சரி, கோத்திரம்தான் சரியில்லை. அவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். இந்த விதியின் எல்லையில் அந்த ஒரு வரிசையைச் சேர்த்து எழுதினால் காரியம் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் விதி 'அனுமதி' என்றே பச்சைக்குறியோடு பட்டியலில் நிற்கும்போது, அதைத் திறந்து தாவல் தாவலாக யார் போய்ப் பார்ப்பார்? பச்சைக்குறியை நம்பாதவர் எதைத்தான் நம்புவார்?

வீட்டு ரவுட்டர்களின் சகோதரத்துவமும் சக்கரவர்த்தியின் புகழுக்குத் துணைநிற்கிறது. பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடுதான் பெட்டியிலிருந்து வெளிவருகின்றன. அலுவலகத்தை அமைத்தவரும் அதே வரிசையை அப்படியே விட்டிருந்தால், வீட்டிலும் 192.168.1.10, அலுவலக சர்வரும் 192.168.1.10. கணக்காளர் அம்மாளின் கணினி அந்த முகவரியைக் கண்டதும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் முகவரிக்கு எதற்குச் சுரங்கம் என்று எண்ணி, சமையலறையில் இருக்கும் வைஃபை பிரிண்டரிடம் போய் இருப்புநிலைக் குறிப்பைக் கேட்கிறது. பிரிண்டர் திகைக்கிறது. வசுதைவ குடும்பகம் என்பதை மேடையில் பேசுவோர் ஆயிரம் பேர். ஐபி முகவரியில் நடத்திக்காட்டியவர்கள் இவர்களே.

இத்தனையையும் கடந்து வாசல் திறந்துவிட்டால் துன்பம் முடிந்தது என்று எண்ணுவோர் சக்கரவர்த்தியின் அந்தரங்கச் செயலரை அறியாதவர்கள். விண்டோஸோடு வரும் விபிஎன்னில் rasphone.pbk என்ற ஏடு ஒன்று உண்டு. அதில் 'யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்' என்று ஒரு வரி 1 என்ற மதிப்போடு வீற்றிருக்கும். விபிஎன்னுக்குள் நுழையக் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையும், சர்வரிடமும் அதையே நீட்டு என்பது அதன் கட்டளை. சர்வரில் அம்மாளின் பெயர் வேறாக இருந்தால், சரியான கடவுச்சொல்லை விண்டோஸ் எத்தனை பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தாலும் அதை எடுக்காமல், தவறானதையே செயலர் விசுவாசத்தோடு சமர்ப்பிப்பார். அந்த 1-ஐ 0 ஆக்கினால் போதும். ஆனால் அந்த வரியை மாற்ற எந்த அமைப்புத் திரையிலும் ஒரு பொத்தான் வைக்காமல், நோட்பேடில் திறந்து திருத்தும்படி வைத்திருக்கும் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். புதையல் என்றால் புதைத்துத்தானே வைக்க வேண்டும்?

அடுத்தது, பாதி தரிசனம் என்னும் பேறு. ஃபோல்டர் திறக்கிறது; கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன; அம்மாளின் முகத்தில் ஒரு மலர்ச்சி. கோப்பைக் கிளிக் செய்தால் எல்லாம் உறைகிறது. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500 பைட். சுரங்கத்துக்குள் போகும்போது மேலே ஓர் உறை போர்த்த வேண்டியிருப்பதால் உள்ளே இருக்கும் இடம் குறைகிறது. வயர்கார்டு என்னும் விபிஎன் வழக்கமாக 1420-இல் நிற்பது அதனால்தான். பெரிய பொட்டலம் வழியில் சிக்கினால், "சின்னதாக வெட்டி அனுப்பு" என்று ஐசிஎம்பி வழியே ஒரு சேதி அனுப்புநருக்குப் போக வேண்டும். பாதுகாப்பு உணர்வு மிக்க நிர்வாகி ஐசிஎம்பியை முற்றிலும் தடுத்திருப்பாராகில், அந்தச் சேதியும் டிராப். பெயர்ப்பட்டியல் சிறிய பொட்டலங்களில் அடங்கிவிடுகிறது, வந்துவிடுகிறது. கோப்பு பெரியது, வருவதில்லை. கிடைக்காததைக் காட்டாமலிருப்பது கஞ்சத்தனம். காட்டிவிட்டுக் கொடுக்காமலிருப்பதே கலை.

எல்லாம் நேராகி இணைப்பு கைகூடினாலும், சக்கரவர்த்தியின் உரையாடல் பிரியம் மிச்சமிருக்கிறது. அவருடைய முதற்பதிப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. 2006-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு அவற்றைப் பத்தொன்பதாகக் குறைத்தது. அந்த நஷ்டத்தைப் பொறுக்காத பழைய சர்வர்களும் நகலெடுக்கும் இயந்திரங்களும் முதற்பதிப்பையே இன்றும் பேசிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கோப்பு இருக்கிறதா, இதன் தேதி என்ன, இதைத் திறக்கலாமா, இதன் பண்புகள் யாவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு போக்குவரத்து. அலுவலகக் கம்பியில் ஒரு போக்குவரத்துக்கு ஒரு மில்லிவிநாடி என்றால் ஆயிரம் கேள்விக்கு ஒரு விநாடி. சுரங்கத்தில் எண்பது மில்லிவிநாடி என்றால் அதே ஆயிரம் கேள்விக்கு எண்பது விநாடி. இணைய வேகத்தை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்திப் பணம் கட்டினாலும் இந்த எண்பது குறையாது. காத்திருப்பது தூரத்துக்கே அன்றி அகலத்துக்கு அல்ல. ஆயினும் அடியார்கள் உயர்த்திக் கட்டுகிறார்கள். காணிக்கையின் பலனை எதிர்பார்க்காமல் செலுத்துவதே உத்தம பக்தி.

அரசன் என்றால் படையெடுப்புகள் வேண்டும். 445-ஆம் வாசலுக்கு அவற்றிலும் குறைவில்லை. 2004-இல் சாஸர் என்ற புழு இந்த வாசல் வழியாக ஊர்வலம் போனது. 2008-இல் கான்ஃபிக்கர் போனது. 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை புறப்பட்டு ஏறத்தாழ 150 நாடுகளைத் திக்விஜயம் செய்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டு, நோயாளிகளின் ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ஆம் தேதி, வெளியாகியிருந்தது. ஜூன் 27-இல் நாட்பெட்யா வந்து, மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தை 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவ வைத்தது. இந்த விருந்தாளிகளுள் ஒருவராவது வாசலில் நின்று எழுத்துப்பிழை பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாரா? தேடிப் பார்த்தேன், இல்லை. கடவுச்சொல் கேட்டு வான்னாக்ரையை அவமதிக்கவும் இல்லை. வான்னாக்ரை கண்ணிமைப்பதற்குள் நுழைந்த அதே வாசலில், முறையான பெயரும் கடவுச்சொல்லும் வைத்திருக்கும் கணக்காளர் அம்மாள் ஒன்றரை மணி நேரமாக நிற்கிறார். அதிதியையும் உறவுக்காரரையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்ற விருந்தோம்பல் இலக்கணம் அன்னாருக்கு அத்துப்படி.

இந்தத் திக்விஜயங்களுக்குப் பிறகு இணையச் சேவை நிறுவனங்கள் பல 445-ஐப் பொது இணையத்தில் அடைத்துவிட்டன. நல்ல காரியம். சுரங்கத்துக்குள்ளே பூட்டிச் செல்லும் 445-ஐ அந்த அடைப்புத் தொடாது என்பதும் உண்மை. ஆனால் சுரங்கத்தை முழுவதும் நம்பாமல் பாதிப் போக்குவரத்தை வெளியே விடும் ஸ்பிளிட் டனல் ஏற்பாட்டில், சர்வருக்கான ரூட்டை எழுத மறந்துவிட்டால், 445 வெட்டவெளியில் நடந்துபோய் அந்த அடைப்பில் முட்டிக்கொண்டு விழும். விழுந்தால் அடியாரின் திரையில் என்ன தெரியும்? பாதை காணப்படவில்லை, எழுத்துகள் சரியா என்று பார்க்கவும்.

இவ்வளவு பெரிய சமஸ்தானத்தில் ராஜவைத்தியர்களுக்குப் பஞ்சம் உண்டா? அவர்களுடைய முதல் மருந்து, ஃபயர்வாலை அடியோடு அணைத்துப் பார்ப்பது. அணைத்தவுடன் கோப்பு வந்துவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்து, அணைத்தது அணைத்தபடியே விட்டுவிட்டுக் கைகழுவுவார்கள். இரண்டாம் மருந்து, முதற்பதிப்பு எஸ்எம்பியைத் திரும்ப உயிர்ப்பிப்பது. 2017-இன் பாடத்துக்குப் பிறகு விண்டோஸ் 10 தன் 1709 பதிப்பிலிருந்து அதைப் புதிய நிறுவல்களில் வைக்காமல் விட்டது. வைத்தியர் அதைத் தேடிப்பிடித்து டிக் செய்வார். மூன்றாம் மருந்து எல்லாவற்றினும் வீரியம் மிக்கது: விபிஎன்னே வேண்டாம், ரவுட்டரில் 445-ஐ நேராக இணையத்துக்குத் திறந்துவிடுவது. அதன்பின் அம்மாளுக்குக் கோப்பு வருகிறதோ இல்லையோ, மற்ற எல்லோருக்கும் வரும்.

இந்தப் புனித மரபில் சேராத சில அவிசுவாசிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி எச்சரித்துவிட வேண்டும். இவர்கள் ரவுட்டரை அணைத்து ஏற்றுவதில்லை. சர்வரிலேயே அமர்ந்து நெட்ஸ்டாட் கொடுத்து, 445-இல் அது காதுகொடுத்துக் கேட்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அலுவலகத்துக்குள் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்தும், அதன்பின் விபிஎன் வழியாகவும், பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையை 445 என்று போர்ட் எண் சொல்லி ஓட்டுவார்கள். பெயரால் தட்டி ஒருமுறை, ஐபி முகவரியால் தட்டி ஒருமுறை. ஒன்று திறந்து மற்றொன்று திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைக் கேட்பார்கள். சர்வர் பக்கத்தில் வயர்ஷார்க்கைத் திறந்துவைத்து, அடியாரின் முதல் பொட்டலம் வந்து சேர்கிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். வரவேயில்லை என்றால் குறை வழியில். வந்தும் பதில் கிளம்பவில்லை என்றால் குறை சர்வரின் ஃபயர்வாலில். பதில் கிளம்பியும் அடியாரிடம் சேரவில்லை என்றால் திரும்பும் ரூட்டில். மூன்றே கேள்வி, பத்தே நிமிடம். இப்படி ஒரு மர்மத்தை உடைத்தெறிவதில் அவர்களுக்கு என்ன இன்பமோ! தட்டிப் பார்க்க எளிய கருவியாக இருந்த டெல்நெட்டை விஸ்டா காலத்திலேயே விண்டோஸ் இயல்பிருப்பிலிருந்து அகற்றிவிட்டது. அப்படியும் இவர்கள் அடங்கவில்லை.

சக்கரவர்த்தியும் வயதுக்கேற்பக் கனிந்து வருகிறார் என்பதை மறைக்கலாகாது. க்விக் என்னும் புதிய போர்வையில், யூடிபி 443 வழியாக, விபிஎன் பெருமாட்டியின் துணையே இல்லாமல் அவர் நகர்வலம் வரும் ஏற்பாடு விண்டோஸ் சர்வர் 2022 அசூர் பதிப்பில் தொடங்கியது. நான் முதலில் எளிய பிறவி என்று ஒதுக்கினேனே, அந்த எண்ணையே அவர் போர்த்திக்கொண்டு வருகிறார். வெளியூர் வரவேண்டுமானால் இணையப் பக்கங்களின் கூட்டத்தில் ஒருவராகக் கலந்து வருவதே உத்தமம் என்று உணர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவசரப்பட்டு முடிவெடுக்கும் அரசர்களால் அழிந்த நாடுகள் எத்தனை!

இந்த மகாத்மியத்தைக் கேட்டவர்களுக்குப் பலன் என்னவென்று சொல்வது மரபு. கேட்டவர்களுக்குக் கோப்பு கிடைக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆகவே பலனைச் சொல்லாமல், சக்கரவர்த்தியின் சமூகத்தில் ஒரு விண்ணப்பத்தை மட்டும் வைத்து முடிக்கிறேன். மகாப்பிரபு, எந்நாளும் காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பெயரைக் கண்டுபிடித்தேன், இந்த முகவரியில் 445-ஐத் தட்டினேன், பதிலே வரவில்லை" என்ற மூன்று விவரமும் அந்தக் கணத்தில் தங்களுக்குத் தெரியும் என்பதை நாங்கள் அறிவோம். தெரிந்ததைத் திரையில் எழுத மூன்று வரிகூடத் தேவையில்லை என்பதையும் அறிவோம். எழுதிவிட்டால் ராஜவைத்தியர்கள் என்ன செய்வார்கள்? எல்லைக்குள் குற்றமற்ற அந்த நான்கு பேரும் எந்தத் தொலைபேசியில் யாரைக் கைகாட்டுவார்கள்? மணிக்கணக்கில் கட்டணம் போடும் எங்கள் குலம் எதைக் கொண்டு அடுப்பு மூட்டும்? அந்தக் கணக்காளர் அம்மாளோ எட்டு மணிக்கே தாக்கலை முடித்துவிட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நேரத்தோடு படுத்துவிடுவார். தங்கள் ஆட்சியில் இப்படியொரு அநியாயம் நடக்கலாமா?